பாடம் 7: ஆணைக்குழுவின் முன் செல்லும் குடும்பங்களுக்கு

ஊருக்குத் திரும்பிய புதிதில் கூரைத் தகடு, கிணறு இறைப்பு, பிள்ளைகளின் பாடசாலை அனுமதி என்பவைதான் உங்கள் கண்முன் நிற்கும். அதுவே முறை. சில மாதங்கள் சென்றதும் கிராம அலுவலர் வாசிகசாலைச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டக்கூடும். பிரதேச செயலகத்தில் ஆணைக்குழுவின் அமர்வு நடைபெறுகிறது, காணாமற்போன உறவுகள் பற்றியும் இழந்த உயிர், உடைமை பற்றியும் வந்து சொல்லலாம் என்று அதில் இருக்கும். அன்றிரவு வீட்டில் இரண்டு குரல்கள் எழும். "எத்தனை தரம் சொல்லியாயிற்று, என்ன கிடைத்தது?" என்பது ஒன்று. "சொல்லாமல் விட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்" என்பது மற்றது.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. போவதா விடுவதா என்பது உங்கள் தீர்மானம். இந்தக் கைந்நூல் அதில் தலையிடாது. போவதென்று முடிவெடுத்தால் அங்கே எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது, திரும்பி வரும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பவற்றையே இந்தப் பாடம் சொல்கிறது.

ஆணைக்குழு என்பது என்ன?

முதலில் பெயரால் வரும் குழப்பம். மனித உரிமைகள் ஆணைக்குழு, சட்ட உதவி ஆணைக்குழு ஆகியவை நிரந்தரமானவை. அவற்றுக்கு அலுவலகம் உண்டு, எந்த வேலைநாளிலும் போகலாம். இந்தப் பாடத்தில் நாம் பேசுவது விசாரணை ஆணைக்குழுக்கள் பற்றி. 1948 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க விசாரணை ஆணைக்குழுக்கள் சட்டத்தின் கீழ், ஒரு குறிப்பிட்ட விடயத்தை ஆராய்வதற்காக ஜனாதிபதி ஆட்களை நியமிக்கிறார். எந்தக் காலத்தில் நடந்தவற்றை, எந்த மாகாணத்தில் நடந்தவற்றை ஆராயலாம் என்பது நியமனப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கும். வேலை முடிந்ததும் அந்த ஆணைக்குழு கலைந்துவிடும்.

அது நீதிமன்றம் அல்ல. சாட்சிகளை அழைக்கும், ஆவணங்களைக் கேட்டு வாங்கும், நடந்தது என்னவென்று கண்டறிந்து எழுதும், இன்னது செய்யலாம் என்று பரிந்துரைக்கும். ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து மறியலுக்கு அனுப்ப அதனால் முடியாது. உங்கள் காணியை விடுவிக்கும்படி கட்டளையிடவும் முடியாது. அறிக்கை ஜனாதிபதியிடம் போகும். அதை வெளியிடுவது அவர் கையில். 2008 இல் செய்யப்பட்ட ஒரு திருத்தத்தின்படி, ஆணைக்குழு திரட்டிய சாட்சியங்களை வைத்துச் சட்டமா அதிபர் குற்றவியல் வழக்குத் தொடர முடியும். முடியும் என்பதற்கும் செய்வார் என்பதற்கும் இடையே உள்ள தூரம் உங்களுக்குத் தெரியாததல்ல.

முன்னர் நடந்தவை

உங்களில் சிலருடைய பெற்றோரோ பாட்டன் பாட்டியோ 1977 ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின்னர் மலையகத் தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறியவர்களாக இருக்கலாம். அந்த வன்முறையை ஆராய ஓய்வுபெற்ற பிரதம நீதியரசர் சன்சோனி நியமிக்கப்பட்டார். 1977 ஓகஸ்ட் 13 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை நடந்தவற்றை அவர் விசாரித்தார். யாழ்ப்பாணத்தில் சிங்கள மக்கள் தாக்கப்பட்டதாகப் பரவிய பொய்க்கதைகள் தெற்கிலே தீயை எப்படி மூட்டின என்பது அந்த விசாரணையில் பதிவானது. அறிக்கை 1980 இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளின் பின், 1982 இல், வேறொரு சட்டமும் வந்தது. 1977 ஓகஸ்ட் மாதத்தில் சட்டம் ஒழுங்கை நிலைநாட்டுவதற்காக நல்லெண்ணத்துடன் செய்ததாகச் சொல்லப்படும் செயல்களுக்காக அரச அலுவலர் மீது வழக்குப் போட முடியாதபடி அது பாதுகாப்பு அளித்தது. 1988 இல் அந்தப் பாதுகாப்பின் காலம் அவ்வாண்டு டிசம்பர் வரை நீட்டப்பட்டது. விசாரணை ஒரு கையால், விலக்களிப்பு மறுகையால். ஆணைக்குழு என்றதும் மூத்தவர்கள் சலித்துக்கொள்வது ஏன் என்று இளையவர்கள் கேட்டால், இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள்.

1983 ஜூலைக்கு அந்த அளவுகூட நடக்கவில்லை. வெலிக்கடைச் சிறையில் இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட, கொழும்பிலும் வேறு நகரங்களிலும் கடைகளும் வீடுகளும் எரிந்த அந்த ஜூலையை ஆராய்வதற்கு ஓர் ஆணைக்குழு அமைய 18 ஆண்டுகள் சென்றன. 2001 ஜூலையில் முன்னாள் பிரதம நீதியரசர் சுப்பையா சர்வானந்தாவின் தலைமையில் அமைந்த அந்த உண்மை ஆணைக்குழு 1981 தொடக்கம் 1984 வரையான இன வன்முறையை விசாரித்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட காலமும் அதில் அடங்கும். அறிக்கை 2002 இல் கையளிக்கப்பட்டது. 2004 ஜூலை 23 அன்று அப்போதைய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க நாட்டின் சார்பில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். முறையிட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு நட்டஈடும் வழங்கப்பட்டது.

அந்த மன்னிப்பு சிறிய விடயமல்ல. ஆனால் ஒரு கேள்வியை நினைத்துப் பாருங்கள். 1983 இல் எரிந்த கடைக்கு 2001 இல் ஆதாரம் கேட்டால் எத்தனை பேரிடம் இருக்கும்? பலர் அதற்குள் கனடாவிலோ இந்திய முகாமிலோ இருந்தார்கள், பலர் இறந்துவிட்டார்கள். முறைப்பாடு செய்யவும் ஆதாரம் காட்டவும் முடிந்தவர்களின் பெயர்களே கோவையில் ஏறின.

கிழக்கிலிருந்து ஒன்று. 1991 ஜூன் 12 அன்று கொக்கட்டிச்சோலைப் பகுதியில், மகிழடித்தீவில், பொதுமக்கள் கொல்லப்பட்டனர். இரு தரப்பு மோதலில் அகப்பட்டு இறந்தார்கள் என்ற விளக்கத்தை ஆணைக்குழு ஏற்கவில்லை. படையினர் வேண்டுமென்றே கொன்றார்கள் என்றும் இறந்தவர்கள் 67 பேர் என்றும் கண்டறிந்தது. பின்னர் நடந்த இராணுவ நீதிமன்ற விசாரணையில் பொறுப்பதிகாரி ஒருவர் மட்டுமே, தன் கீழுள்ளவர்களைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காகப் பதவி நீக்கப்பட்டார், ஏனையோர் விடுவிக்கப்பட்டனர். தண்டனை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆயினும் அந்த மக்கள் மோதலில் இறந்தார்கள் என்று இன்று எவரும் அரச ஆவணத்தைக் காட்டிச் சொல்ல முடியாது.

காணாமற்போனோர் பற்றி 1994 இல் மூன்று ஆணைக்குழுக்கள் நியமிக்கப்பட்டன. 1998 இல் நாடு முழுவதற்கும் இன்னொன்று வந்தது. முதல் மூன்றும் 27,526 முறைப்பாடுகளைக் கையாண்டு, 16,800 பேர் காணாமற்போனது உண்மையென்று நிறுவின. அவர்களில் பெருந்தொகையானோர் தெற்கைச் சேர்ந்த சிங்கள இளைஞர்கள் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். மாத்தறையிலும் அம்பாந்தோட்டையிலும் உங்களைப் போலவே படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற தாய்மார் இருக்கிறார்கள்.

2006 நவம்பரில் அமைந்த உடலாகம ஆணைக்குழுவிடம் 16 சம்பவங்கள் ஒப்படைக்கப்பட்டன. திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், மூதூரில் 17 தொண்டு நிறுவனப் பணியாளர்கள் கொல்லப்பட்டதும் அவற்றுள் அடங்கும். பாதிக்குமேல் முடியாமலே 2009 இல் அதன் காலம் முடிந்தது. அறிக்கை 2015 ஒக்டோபரில்தான் வெளியிடப்பட்டது. சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் அப்போது நாட்டில் இருக்கவில்லை. பயந்து வெளிநாடு சென்றவர்கள் காணொளி வழியாகச் சாட்சியம் அளித்ததும் இடையில் நிறுத்தப்பட்டது.

போருக்குப் பின் 2010 மே மாதம் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு உங்களில் பலருக்கு நேரில் தெரிந்தது. அது 2002 பெப்ரவரி தொடக்கம் 2009 மே 19 வரையான காலத்தை ஆராய்ந்தது. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று ஊர்களுக்கே வந்து அமர்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நேரில் பேசினர். கொழும்பிலிருந்து வந்தவர்கள் எதிர்பார்த்த விடயங்களை விட்டுவிட்டு, எங்கள் பெண்கள் "என் பிள்ளை எங்கே?" என்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள். 2011 டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில் காணாமற்போனோர், தனியார் காணி, அரச அலுவலகங்களில் தமிழ்மொழி, 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஆகியோர் பற்றிய பரிந்துரைகள் இருந்தன. படையினரின் பொறுப்பு என்ற இடத்தில் அது தயங்கி நின்றது என்பதே பலருடைய கருத்து. என்றாலும் காணி விடுவிப்புக் கேட்டுக் கடிதம் எழுதும் ஒருவர் "உங்கள் ஆணைக்குழுவே பரிந்துரைத்தது" என்று எழுத முடிகிறது.

அதன்பின் 2013 இல் வந்த பரணகம ஆணைக்குழுவுக்கு 20,000 க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் கிடைத்தன. 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் உருவாகி, 2018 இல் இயங்கத் தொடங்கியது. இது கலைந்துபோகும் ஆணைக்குழு அல்ல, நிரந்தர அலுவலகம். முந்திய கோவைகளும் அதனிடம் சென்றன. ஆனால் அதன் கண்டறிதல்கள் எவர்மீதும் குற்றவியல் அல்லது குடியியல் பொறுப்பை ஏற்படுத்தா என்று சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரில் பலர் இந்த அலுவலகத்தை ஏற்காததற்கு அதுவும் ஒரு காரணம். ஏற்பவர்களும் உங்கள் அயலில் இருப்பார்கள், ஏற்காதவர்களும் இருப்பார்கள். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தவராகப் பேச வேண்டாம்.

ஒரு கடிதம் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும்?

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் துல்சா என்றொரு நகரம். 1921 மே 31, ஜூன் 1 ஆகிய இரு நாட்களில் அங்கே கறுப்பின மக்களின் குடியிருப்பை வெள்ளையர் கும்பல் எரித்துச் சாம்பலாக்கியது. காப்புறுதி நிறுவனங்கள் கலவரத்தில் எரிந்ததற்குப் பணமில்லை என்றன. மாநில அரசு விசாரணை ஆணைக்குழு அமைத்தது 1997 இல். அறிக்கை வந்தது 2001 இல், எண்பது ஆண்டுகளின் பின்னர். யாரும் பணம் தராத பழைய காப்புறுதிக் கோரிக்கைகளும் வழக்குத் தாள்களும் இழப்பின் அளவைக் கணக்கிட அப்போது உதவின.

பிற்காலத்தில் மயானத்தில் தோண்டி எடுத்த உடல்களில் ஒன்றின் பெயர் 2024 இல் உறுதியானது. முதலாம் உலகப் போரில் படையில் இருந்த ஓர் இளைஞர் அவர். மரபணுச் சோதனை குடும்பத்தைக் காட்டியது. அவர் துல்சாவில் கொல்லப்பட்டவர் என்பதை உறுதிப்படுத்தியது, அரச சுவடிக்கூடத்தில் கிடந்த ஒரு கடிதம். 1936 இல் அவருடைய தாய்க்கு உதவிப் பணம் கேட்டுச் சட்டத்தரணி ஒருவர் எழுதியது அது.

போவதற்கு முன்

வீட்டிலிருந்தே ஒரு கோவையைத் தொடங்குங்கள். தேசிய அடையாள அட்டை, பிறப்பு மற்றும் விவாக அத்தாட்சிப் பத்திரங்கள், குடும்ப அட்டை, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, நலன்புரி நிலையத்தில் தந்த பதிவு அட்டை, செஞ்சிலுவைக் குழுவிலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவிலோ முறையிட்ட இலக்கம், முந்திய ஆணைக்குழுவின் துண்டு, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், படங்கள் என்று எது இருந்தாலும் சேருங்கள். எதுவுமே மிஞ்சவில்லை என்றால் வெறுங்கையோடும் போகலாம். ஆவணம் இல்லை என்பதற்காக முறைப்பாட்டை மறுக்க வேண்டியதில்லை. சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி ஒன்று முடித்துக்கொண்டு போனால் உதவியாக இருக்கும்.

பெயரில் மிகுந்த கவனம் வேண்டும். எங்கள் பெயர்கள் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போய்வரும்போது உருமாறிவிடுகின்றன. பொலிசில் தந்தை பெயரை முன்னே எழுதியிருப்பார்கள், ஆணைக்குழுவில் பின்னே எழுதியிருப்பார்கள். ஒருவரே இரண்டு பேராகிவிடுவார், அல்லது எந்தப் பட்டியலிலும் இல்லாமற் போவார். அடையாள அட்டையில் உள்ளபடியே ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் அதைப் பார்த்தே எழுதும்படி கேளுங்கள். வீட்டுப்பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நடந்ததைத் திகதி வரிசையில் ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். திகதி நினைவில்லை என்றால் ஊகித்து எழுத வேண்டாம். "மாத்தளனிலிருந்து வெளியேறுவதற்கு இரண்டு நாள் முன்பு", "கோயில் கொடியேறிய கிழமை" என்று சொன்னால் போதும். நீங்கள் கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் வேறாக்கிச் சொல்லுங்கள்.

அமர்வில்

தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழில் பேசவும், உங்கள் வாக்குமூலம் தமிழில் வாசித்துக் காட்டப்படவும் நீங்கள் கேட்கலாம். வேறு மொழியில் எழுதப்பட்டிருந்தால் அதன் பொருள் முழுவதும் சொல்லப்படும்வரை கையொப்பமிட வேண்டாம். "நேரமில்லை, பிறகு பார்க்கலாம்" என்றால் அமைதியாக அமர்ந்திருங்கள். பலர் முன்னிலையில் சொல்ல முடியாத விடயமானால் தனி அறையும் பெண் அலுவலரும் கேளுங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். மனம் உடைந்தால் பிடித்துக்கொள்ள அவர் இருப்பார், என்ன கேட்டார்கள் என்பதையும் நினைவில் வைத்திருப்பார்.

மூலப் பத்திரங்களை எவரிடமும் கொடுத்துவிட்டு வரவேண்டாம். காட்டுங்கள், பிரதியைக் கொடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் பெற்றுக்கொண்டதற்கான துண்டையும் வாங்காமல் எழும்ப வேண்டாம். கட்டணம் எதுவும் இல்லை. "பெயரை முன்னுக்குப் போட்டுத் தருகிறேன்" என்று பணம் கேட்பவர் ஆணைக்குழுவின் ஆள் அல்ல.

அடுத்த வீட்டுப் பிள்ளையின் கதையை அந்த வீட்டாரைக் கேட்காமல் சொல்ல வேண்டாம். அவர்கள் எதைச் சொல்ல விரும்புகிறார்கள், எதை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

சாட்சியம் அளித்த பின் யாராவது வீட்டுக்கு வந்து விசாரித்தால், அச்சுறுத்தினால், நாளையும் நேரத்தையும் எழுதி வைத்து மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் அவை உள்ளன. குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015 இல் முதன்முதலாக வந்தது. இப்போது நடைமுறையில் உள்ளது 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம்.

சான்றிதழும் நட்டஈடும்

கணவரைக் காணாத ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வங்கிக் கணக்கு அவர் பெயரில், காணி அவர் பெயரில். மரணச் சான்றிதழ் எடுத்தால் எல்லாம் இலகு என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அதில் கையொப்பமிட அவள் மனம் ஒப்பாது. 2016 வரை அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. அவ்வாண்டு 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம், ஆளைக் காணக்கிடைக்கவில்லை என்பதற்கான சான்றிதழ் ஏற்படுத்தப்பட்டது. அவர் இறந்துவிட்டார் என்று அது சொல்வதில்லை. அதைக் காட்டி உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம், பிள்ளைகளின் அலுவல்களையும் சொத்து அலுவல்களையும் பார்க்கலாம். முன்னர் ஆணைக்குழுவிடம் முறையிட்ட பதிவு இந்த விண்ணப்பத்துக்குப் பலம் சேர்க்கும். இதைப் பெறுவதால் தேடுதல் முடிந்துவிடுவதில்லை. சான்றிதழின் வலுவுள்ள காலத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும்.

நட்டஈடு தனி வழி. 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இழப்பீடுகளுக்கான அலுவலகம் அதைக் கவனிக்கிறது. ஆணைக்குழுவிடம் சொன்னதால் பணம் தானாக வராது. தனியே விண்ணப்பிக்க வேண்டும். எந்தப் படிவத்திலாவது "முறைப்பாட்டை மீளப்பெறுகிறேன்" என்ற வரி இருந்தால், கையொப்பமிடுமுன் சட்ட உதவி ஆணைக்குழுவில் காட்டுங்கள். ஆலோசனைக்குப் பணம் கேட்கமாட்டார்கள்.

அயலவரோடு

நல்லிணக்கம் என்ற சொல் மேடையில் அடிபட்டுத் தேய்ந்துவிட்டது. நீங்கள் திரும்பி வரும்போது உங்கள் காணியில் வேறொரு இடம்பெயர்ந்த குடும்பம் இருக்கலாம். அவர்கள் தமிழராகவோ முஸ்லிம்களாகவோ சிங்களவராகவோ இருக்கலாம். அவர்களோடு வரும் எல்லைத் தகராற்றை எந்த ஆணைக்குழுவும் தீர்த்துத் தராது. மத்தியஸ்த சபைக்குப் போகலாம்; சில மாவட்டங்களில் காணிப் பிணக்குகளுக்கென்றே விசேட மத்தியஸ்த சபைகள் உள்ளன. ஒரு வேண்டுகோள் மட்டும். அமர்வு நடக்கும் நாளில் அயலூர் முஸ்லிம் பெண்ணோ சிங்களத் தாயோ பேச எழுந்தால், உங்கள் முறை முடிந்துவிட்டதென்று எழும்பிப் போய்விட வேண்டாம். இருந்து கேளுங்கள். அவர்களும் நீங்கள் சொன்னதை இருந்து கேட்டவர்கள்தான்.

திரும்பி வந்ததும்

அன்றே ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த ஆணைக்குழு, எந்த இடம், என்ன திகதி, இலக்கம் என்ன, எந்தெந்தப் பிரதிகளைக் கொடுத்தீர்கள். மூன்று மாதத்தில் பதில் இல்லையென்றால் அந்த இலக்கத்தைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு இணைத்து வையுங்கள். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் விடயம் எந்த நிலையில் உள்ளதென்று பிரதேச செயலகம் போன்ற அலுவலகங்களிடம் எழுத்தில் கேட்கலாம்.

கோவையைப் பொலித்தீன் உறையிலிட்டுத் தகரப்பெட்டியில் வையுங்கள். ஒரு பிரதித் தொகுதி வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். பெட்டி எங்கே இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள இளையவர் ஒருவருக்குக் காட்டி, இலக்கங்களை அவரைக் கொண்டே வாசிக்கச் செய்யுங்கள்.